ஏழாம் அறையின் பதினெட்டு முதலாளிகள்

தேர்தல் நன்கொடைக் கணக்கு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில், பார்வையறை என்று ஓர் அறை இருந்தது. எந்தக் கட்சிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். காலை பத்து முதல் மாலை நாலு வரை நேரம். கட்டணம் இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. பேனா மட்டும் கொண்டுவரக் கூடாது; பென்சில்தான். வாசலில் இருக்கும் வருகைப் புத்தகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இவ்வளவு தாராளமாகத் திறந்து வைத்தும் ஆறு வருடத்தில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்தது ஒரே கையெழுத்து. மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் தெரியாமல் போட்டது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவளை அலுவலகமே 'பேரேட்டு அக்கா' என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "உன் ரூமுக்கு வர்ற கூட்டத்தப் பாத்தா தனியா ஒரு லிஃப்ட் போட்டுத் தரணும்போல இருக்கே" என்று மாதம் ஒருமுறையாவது சீண்டுவார்.

"வருவாங்க, வருவாங்க. மூச்சு வாங்க ஏறி வரட்டும்" என்பாள் அவள்.

ஆனால் வேலை இல்லாமல் சும்மா உட்கார அவளால் முடியாது. அலமாரியில் மூன்று பேரேடுகள் இருந்தன. பழுப்பு அட்டை கட்சிகளுக்கு: யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லும். பச்சை அட்டை அறக்கட்டளைகளுக்கு: பல நிறுவனங்களிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள் அவை. நீல அட்டை நிறுவனங்களுக்கு. பழுப்பைத் திறந்தால் ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அதோடு கதை நின்றுவிடும். மேலே தெரிய வேண்டுமானால் பச்சையை எடுக்க வேண்டும், அப்புறம் நீலத்தை எடுக்க வேண்டும். மூன்றில் எதுவும் பொய் சொல்லாது. ஆனால் மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால்தான் வாய் திறக்கும்.

உட்கார வைப்பதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பெயர்வாரியாகத் தேடாமல் விலாசவாரியாகத் தேடுவது. பெயர் வைக்கச் செலவில்லை. ஒரு காலைப் பொழுதில் நூறு பெயர் வைக்கலாம். விலாசம் அப்படியல்ல. அதற்கு நாலு சுவர் வேண்டும், ஒரு கதவு வேண்டும், தபால்காரருக்கு வழி தெரிய வேண்டும். ஆகவே ஒரு விலாசத்துக்கு ஓர் அட்டை என்று எழுதி, பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கி வந்தாள். பெரும்பாலான அட்டைகளில் ஒரு நிறுவனம், சிலவற்றில் இரண்டு. ஒரே ஒரு அட்டை மட்டும் முன்பக்கம் நிறைந்து, பின்பக்கம் நிறைந்து, இன்னோர் அட்டையைக் குண்டூசியால் சேர்த்துக் குத்த வேண்டியதாயிற்று. ஊருக்குள் வேறொரு கட்டடத்தின் மூன்றாம் மாடி, ஏழாம் எண் அறை. பதினெட்டு நிறுவனங்கள்.

ஒரு நிறுவனம் வருடத்துக்கு இரண்டரை கோடிக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் ஒருவர் எத்தனை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி அது மூச்சே விடவில்லை. அந்தப் பதினெட்டும் ஆளுக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம் கொடுத்திருந்தன. வரம்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கம். கூட்டினால் நாற்பத்து மூன்று கோடியே இருபது லட்சம். பச்சைப் பேரேட்டில் ஓர் அறக்கட்டளைக்கு வந்த தொகையும் அதேதான், ஒரு பைசா சிந்தவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. கடிகாரத்தின் முதுகை முதல்தடவை திறந்து பார்த்தவள்போல வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு பெரிய யந்திரம், எவ்வளவு எண்ணெய் போட்டு ஓடுகிறது, ஒரு சத்தம் கேட்கவில்லையே!

ஒருநாள் மதிய இடைவேளையில் அந்த விலாசத்தையே பார்த்துவரக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் மூன்று நிறுத்தம். ஒரு பல் மருத்துவமனைக்கும் ஒரு டைப்பிங் வகுப்புக்கும் நடுவே இருந்தது ஏழாம் எண் கதவு. கதவின் இரு பக்கமும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினெட்டு பெயர்ப் பலகைகள், பள்ளிக்கூடத்து வருகைப் பட்டியல் மாதிரி. கதவு பூட்டியிருந்தது.

"யாரப் பாக்கணும்மா?" என்றார் காவலாளி.

"இங்க யாராவது இருக்காங்களா?"

"பதினெட்டு கம்பெனி இருக்கு. ஆளு ஒருத்தரும் கெடையாது. மாசத்துக்கு ஒருதடவை ஒருத்தர் வந்து தபால அள்ளிட்டுப் போவாரு."

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு நாற்காலி. அதுக்கும் ஒரு காலு ஆடும்."

தபால் போடும் சந்து வழியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு நாற்காலிதான். நாற்பத்து மூன்று கோடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த வருடம்தான் புது விதி வந்தது. அதுவரை, 'உங்கள் நிறுவனம் இந்த நன்கொடையைத் தந்தது சரிதானா?' என்று கேட்கும் அட்டை நிறுவனத்தின் விலாசத்துக்கே போகும். காவலாளி சொன்ன மனிதர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். இனிமேல் அது ஒவ்வொரு இயக்குநரின் வீட்டு விலாசத்துக்கும் போக வேண்டும் என்றார்கள். அட்டையில் 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 'ஆம்' என்று வைத்துக்கொள்வார்கள். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அட்டைகளை அச்சடிப்பதும் மடிப்பதும் உறையில் போடுவதும் கீழ்மாடி யந்திரத்தின் வேலை. எந்த உறைக்குள் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு மனுஷருக்கும் தெரியாது.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் தன் அலுவலக முத்திரை போட்ட உறை கிடந்ததைப் பார்த்து, ஏதோ தன் வேலை விஷயம் என்று நினைத்தாள். உறைமேல் இருந்ததோ அவள் தம்பியின் பெயர். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் முழுப்பெயர். வீட்டில் யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் தெருவெல்லாம் லாரிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியதால் அவன் எல்லோருக்கும் 'ஹாரன்'தான். வளர்ந்து நிஜமாகவே ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளிக்குக் காரோட்டியாகப் போனான். கல்யாணமானதும் கம்பெனி குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். போய் எட்டு வருடம். அடையாள அட்டையில் மட்டும் இன்னும் அக்கா வீட்டு விலாசம். "மாத்துடா" என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். "மாத்திக்கலாங்க்கா, வீடு எங்க ஓடியா போகுது" என்று அவன் நூற்றோராவது தடவையும் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். உறையைக் கையில் கொடுத்தாள். பிரித்துப் படித்தான், கையைத் தூரத் தள்ளிப் படித்தான், பிறகு அவளிடமே நீட்டினான்.

"என்னக்கா இது? நான் ஒரு கம்பெனிக்கு இயக்குநர்னு போட்டிருக்கு?"

"கட்சிக்கு நன்கொடை குடுத்திருக்கன்னும் போட்டிருக்குடா. ரெண்டு கோடியே நாப்பது லட்சம்."

"யாரு, நானா? போன மாசம் கேஸ் சிலிண்டருக்கு உங்கிட்ட கைமாத்து வாங்கினேனே, அந்த நானா?"

"அந்த நீயேதான்."

லிஃப்ட் மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, என் செருப்பு அறுந்து ஆறு மாசமாச்சு. ஒரு வார்த்தை உன் காதுல போட்டிருக்கலாம், எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு முதலில் நின்றது தம்பிக்குத்தான்.

"கம்பெனி கணக்குப்பிள்ளை ஒருநாள் பேப்பரக் கொண்டாந்தாருக்கா. முதலாளி ஐயா மீட்டிங்ல இருந்தாரு. கார் பானெட் மேலயே வச்சு, 'இன்சூரன்சு, இங்க போடு, இங்க போடு'ன்னாரு. எல்லாரும்தான் போட்டோம். அதுக்கு வருஷத்துக்கு ஆயிரம் தராங்க. படிக்க நேரம் ஏது? பேனா நல்ல பேனா, அது மட்டும் ஞாபகம் இருக்கு."

அவள் மனதுக்குள் ஏழாம் எண் அறையின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது: செருப்புப் பெட்டி அட்டையில் பதினோராவது வரி.

"இல்லைன்னு போட்டா வேலை போயிடும். வேலை போனா வீடும் போயிடும்" என்றான். "சும்மா விட்டுட்டா?"

"விட்டா 'ஆம்'னு ஆயிடும். நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா, பதில் சொல்ல வேண்டியவன் கணக்குப்பிள்ளை இல்ல. நீ."

"நீ என்னக்கா சொல்ற?"

"நான் சொல்லக்கூடாதுடா. அந்த ஆபீஸ் உப்பத் திங்கறவ. கூடப் பொறந்தவன்னும் பாக்கக்கூடாது, கூடப் பொறந்தவன் இல்லைன்னும் நடிக்கக்கூடாது."

திங்கட்கிழமை முதல் வேலையாகக் கண்காணிப்பாளரிடம் போய், 'இன்னார் என் உடன்பிறந்தவர்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் தன் கோப்புகளுக்குத் தானே நாடா கட்டுகிற மனிதர். இரண்டு முறை படித்தார்.

"நல்லதும்மா. அந்தக் கார்டை நீங்க தொடக்கூடாது. ஆனா தம்பிக்குச் சோறு போடக்கூடாதுன்னு விதியில இல்ல. அவரும் ஒரு குடிமகன்தானே? பார்வையறைக்கு வரச் சொல்லுங்க. பேரேட்ட நான் பொரட்டுறேன். எப்படிப் பாக்கணும்னு நீங்க சொல்லலாம். என்ன முடிவு பண்ணணும்னு சொல்லக்கூடாது."

தம்பி புதன்கிழமை அரைநாள் விடுப்பில் வந்தான், வெள்ளைச் சீருடையோடு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினான். வருகைப் புத்தகத்தில் மின்விசிறிக்காரருக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். ஆறு வருடத்தில் பேரேடு பார்க்க வந்த முதல் மனிதன் தன் தம்பியாக இருப்பான் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள்.

கண்காணிப்பாளர் பழுப்பைத் திறந்தார். அவள் எதிர்ப்பக்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடக்கூடாது என்பதால் கண்ணாலேயே வழி காட்டினாள்.

"மொதல்ல இந்த வரி. யாருக்கு வந்திருக்கு பாரு."

பார்த்ததும் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "இந்தக் கட்சிக்கா? இருபது கோடியா? அக்கா, ரேடியோல இவங்க குரல் வந்தாலே நான் ஸ்டேஷன மாத்துவேன்! என் பேர வச்சு இவங்களுக்கா குடுத்திருக்கானுங்க?"

"உக்காருடா. யார் குடுத்ததுன்னு பாரு, தேதியையும் பாரு. அடுத்த பக்கத்துலயும் அதே தேதியத் தேடு."

அடுத்த பக்கம் அவன் கட்சியுடையது. கூட்டத்துக்குக் கூட்டம் போய்த் தொண்டை கிழியக் கத்தியவன் அவன். 'ஹாரன்' என்ற பெயர் அங்கேயும் நிலைத்திருந்தது. அதே அறக்கட்டளை, அதே தேதி, அதே இருபது கோடி. மீதி மூன்று கோடியே இருபது லட்சம் ஒரு சின்னக் கட்சிக்கு. அவன் விரல் அந்த வரியின் மேலேயே நின்றது.

"ரெண்டு பக்கமும் ஒரே கையாக்கா?"

"ஒரு கையா பல கையான்னு பேரேடு சொல்லாது. பச்சையப் பாரு. அங்க பதினெட்டு கை."

பச்சையும் நீலமும் வந்தன. மூன்றும் மேசைமேல் விரிந்து கிடந்தபோது, பெரிய ஆறு ஒன்றைக் குன்றின் மேலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. பதினெட்டு ஓடைகள் ஒரே ஊற்றில் கிளம்பி, ஒரே குளத்தில் கலந்து, மூன்று வாய்க்காலாகப் பிரிந்து போயின. மடை திறந்தவர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"மத்த பதினேழு பேரு யாரு?" என்று கேட்டான் தம்பி.

அக்காவும் கண்காணிப்பாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர்களின் படிவக் கட்டு கீழ்மாடியில் பூட்டியிருக்கும். பார்வையாளர் யாராவது சீட்டு எழுதிக் கேட்டால்தான் மேலே வரும். பார்வையாளரே வராததால் அதுவும் வந்ததில்லை. அலுவலகத்தில் இத்தனை வருடம் இருந்தும், அதைக் கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. மூச்சு வாங்க ஏறிவந்த ஒரு காரோட்டிக்கு இருந்தது.

பென்சிலால் சீட்டு எழுதினான். படிவக் கட்டைக் கண்காணிப்பாளரே தூக்கிவந்து தூசி தட்டினார். தம்பி முதல் படிவத்தைப் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான்.

"அட, இது நம்ம தோட்டக்காரர்! ... இது சமையல்கார அண்ணன். இது ராத்திரி கேட்ல நிக்கிறவரு. இந்தம்மா ஐயாவோட அம்மாவக் கவனிச்சுக்குறவங்க, அவங்களுக்குக் கையெழுத்தே அவங்க பேத்தி சொல்லிக்குடுத்தது... ஐயாவுக்குச் சட்டை தைக்கிற டெய்லர்!" அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. "ஐயா பேரு எங்கயுமே இல்லியேக்கா. வீட்டுல வேலை பாக்குற எங்க பேருதான் இருக்கு. ஒரு இஞ்சின் மாதிரில்ல இருக்கு? பதினெட்டு பல்லுச் சக்கரம். ஒரு பல்லு ஒடஞ்சா என்ன ஆகும்?"

இதற்கு அவள் பதில் சொல்லக்கூடாது. கண்காணிப்பாளர் சொன்னார், பாடம் ஒப்பிப்பதுபோல: "பதினாலாம் விதி. ஒரு இயக்குநர் 'இல்லை'ன்னா, அதே விலாசத்துல இருக்கிற எல்லா நிறுவனத்துக்கும் மௌனம் செல்லாது. ஒவ்வொருத்தர் கையிலயும் நேர்ல கார்டு குடுத்து, நேர்ல பதில் வாங்கணும்."

தம்பி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். அறைக்குள் பேனா கூடாதே! கண்காணிப்பாளர் வாசலுக்கு வெளியே போய் நின்று தன் பேனாவை நீட்டினார். தம்பியும் படிக்கட்டு முனைக்குப் போனான். அட்டையைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டான். அவளுக்குத் தெரிந்தது அவன் முதுகும் வலது முழங்கையும் மட்டும். முழங்கை அசையவில்லை. குடியிருப்பு வீட்டின் இரண்டு அறைகளும், நடந்தே போகிற தூரத்தில் பிள்ளைகளின் பள்ளியும், மாதம் பிறந்தால் வருகிற சம்பளமும் அந்த முழங்கையில் உட்கார்ந்திருந்தன. வா என்று கூப்பிட அவளுக்கு வாய் துடித்தது. மடியிலிருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முழங்கை அசைந்தது. ஒரு சின்னக் கோடு, அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு.

"குடுக்கலன்னா குடுக்கலதான்" என்றான் திரும்பி வந்து. "பேனா இவருது சுமார்தான்க்கா. ஆனா படிச்சுட்டுப் போட்டேன்."

கண்காணிப்பாளர் அட்டையை வாங்கி முத்திரை குத்தினார். பிறகு தலையைச் சொறிந்தார். "விதி சரி. ஆனா இந்தப் பதினெட்டும் ஒரே விலாசம்னு காட்ட நம்மகிட்ட விலாசப் பட்டியலே கெடையாதேம்மா. எல்லாம் பேர்வாரியாத்தானே இருக்கு?"

அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து செருப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது ஆபீஸ் ஆவணமா?"

"இல்லீங்க சார். எட்டாம் நம்பர் செருப்பு."

ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினார். குண்டூசி குத்திய அட்டை வந்ததும் கை நின்றது. எண்ணினார், உதடு அசைவது தெரிந்தது. அப்புறம் பெட்டியை மூடி, மூடியின் மேல் அலுவலக முத்திரையைக் குத்தி, தன் கையாலேயே நாடா கட்டினார். "இனிமே ஆவணம்" என்றார்.

பத்து நாளில் தம்பியிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு மூட்டையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினான். பிள்ளைகளுக்குப் பள்ளி இப்போது இரண்டு பஸ் தூரம்.

"எட்டு வருஷமா விலாசத்த மாத்தாத சோம்பேறித்தனம், அண்ணி" என்றாள் அவன் பெண்டாட்டி, மூட்டையை இறக்கிக்கொண்டே. "கடைசில விலாசம் மாறல, நாங்கதான் மாறி வந்திருக்கோம்." சொல்லும்போது சிரித்தாள், சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிக்கு ஒரு பள்ளி வேனில் வேலை கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி.

அந்த ஏழு வாரத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி அடித்துச் சில நிமிடங்கள் இருக்கும், படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு ஜோடிச் செருப்பு இல்லை, பல ஜோடி. இடையிடையே நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். முன்னால் வந்தவரின் நகக்கண்ணில் மண் இருந்தது. கையில் அட்டை, அட்டையின் மேல் அவள் அலுவலக முத்திரை.

"இங்கதான் நாங்க எல்லாம் முதலாளின்னு எழுதி வச்சிருக்கீங்களாமே? பாக்கலாமா?"

"பாக்கலாங்க. யார் வேணா பாக்கலாம். இங்க ஒரு கையெழுத்து."

பதினேழு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, இரண்டு பேர் 'ஆம்' என்று போட்டு அனுப்பிவிட்டதாகத் தோட்டக்காரர் சொன்னார், குறை சொல்லாமல். சமையல்காரர் டெய்லரைப் பார்த்து, "நீ எவ்வளவுய்யா?" என்றார். "ரெண்டு நாப்பது." "நானும் ரெண்டு நாப்பதுதான். ஏழு வருஷமா சம்பளம் ஏத்திக் கேட்டுட்டிருக்கேன், இது தெரிஞ்சிருந்தா ஐயாவுக்கு நானே சம்பளம் குடுத்திருப்பேனே" என்றதும் அறை முழுக்கச் சிரிப்பு.

நாற்காலிகள் போதவில்லை. பக்கத்து அறையிலிருந்து கண்காணிப்பாளர் ஒன்றைத் தூக்கிவந்தார். வருகைப் புத்தகத்தின் முதல் பக்கம் நிறைந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். தாள் புதுசு, ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர், முதலாளியின் தாயாரைக் கவனித்துக்கொள்ளும் அம்மா. பேத்தி சொல்லிக்கொடுத்த கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாக இழுத்து எழுதிவிட்டு, நீலப் பேரேட்டில் தன் பெயரைக் காட்டச் சொன்னார். காட்டினாள். விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருக்குமோ என்று தொடுவதுபோல. பிறகு நிமிர்ந்தார்.

"நான் குடுத்தேன்னு எழுதியிருக்கே, அந்தப் பணம் எங்க போச்சுன்னும் எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா. ஆனா மூணு புஸ்தகம் பொரட்டணும்."

"நேரம் இருக்கா உனக்கு?"

"நாலு மணி வரைக்கும் இருக்கு. உக்காருங்க" என்று சொல்லி, அவள் பச்சைப் பேரேட்டை இரண்டு கையாலும் தூக்கி மேசையின் நடுவில் வைத்தாள்.